ஜப்பான் போகிறவர்களுக்கு: ரயில் டிக்கெட்டும் கைக்காசும்

முதலில் ஜேஆர் பாஸ்: ஒரே கட்டணத்தில் குறிப்பிட்ட நாட்களுக்கு ஜேஆர் ரயில்களில் சுற்றிவர, சுற்றுலாப் பயணிகள் எடுக்கும் டிக்கெட். "பாஸ் வாங்காமல் போகாதீர்கள்" என்று இன்னமும் பலர் சொல்கிறார்கள். அது பழைய கணக்கு. 7 நாள் சாதாரண வகுப்பு பாஸ் 29,650 யென்னாக இருந்தது. 2023 அக்டோபரில் ஒரேயடியாக 50,000 ஆக்கிவிட்டார்கள். டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு ஷிங்கன்சென் புல்லட் ரயிலில் ரிசர்வ் இருக்கையோடு ஒருவழிக்குச் சுமார் 14,000 யென். போய்வர 28,000தான். ஹிரோஷிமா வரை போய்த் திரும்பினாலும் 40,000 பக்கம் வரும். ஆக, டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா மட்டும் பார்க்க பாஸ் எடுத்தால் கையைக் கடிக்கும். அந்தப் பாஸில், இந்தத் தடத்தின் அதிவேக ஷிங்கன்செனான நொஸோமியில் ஏற வேண்டுமானால் தனியாக வேறு பணம் கட்ட வேண்டும்.

விமான டிக்கெட்டையே மல்டி சிட்டியாகத் தேடிப் பாருங்கள். ஒசாகாவில் இறங்கி டோக்கியோவிலிருந்து திரும்பினால், ஆளுக்கு ஒரு ஷிங்கன்சென் கட்டணம் மிச்சம். அரை நாளும் மிச்சம்.

*

மேலே சொன்னது டிக்கெட் கணக்கு. கொண்டுபோகும் சூட்கேஸையும் சேர்த்து யோசியுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 160 செ.மீ. தாண்டினால், டோக்கியோ–ஒசாகா தடத்தில் பெரிய லக்கேஜுக்கு இடமுள்ள இருக்கையாகப் பார்த்து முன்பதிவு செய்ய வேண்டும். அதற்குக் கூடுதல் கட்டணம் கிடையாது. செய்யாமல் ஏறினால் 1,000 யென் வாங்குவார்கள். 250 செ.மீ.க்கு மேல் ஏற்றவே முடியாது.

புத்தாண்டு, ஏப்ரல் கடைசி–மே தொடக்கம், ஆகஸ்ட் நடு: இந்த நாட்களில் நொஸோமியில் ரிசர்வ் இல்லாத பெட்டியே இருக்காது. ஒரு மாதம் முன்னால் காலை 10 மணிக்கு விற்பனை திறக்கும்போதே எடுத்துவிடுங்கள்.

காகித டிக்கெட் பல சமயம் இரண்டு சீட்டாக வரும்: அடிப்படைக் கட்டணம் ஒன்று, விரைவு ரயிலுக்கு ஒன்று. இரண்டையும் சேர்த்தே ஸ்டேஷனின் தானியங்கி கேட்டில் நுழைக்க வேண்டும். ஒன்றை மட்டும் நுழைத்தால் கதவு மூடிக்கொள்ளும். மறுபக்கம் வெளியே வரும் சீட்டுகளை மறக்காமல் எடுங்கள்; இறங்கும் ஊரிலும் அவை வேண்டும்.

*

பணம் பற்றி. இந்திய வங்கிக் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு பெரும்பாலும் அணைத்தே இருக்கும். கிளம்பும் முன் ஆப்பில் இயக்கிவிடுங்கள். கடையிலோ ஏடிஎம்மிலோ "ரூபாயா, யென்னா?" என்று கேட்டால் யென்தான். ரூபாயைத் தொட்டால் அவர்கள் வைக்கும் மாற்று விகிதம், நஷ்டம் நமக்கு.

செவன் இலெவன் கடை ஏடிஎம்மும் தபால் நிலைய ஏடிஎம்மும் வெளிநாட்டுக் கார்டை ஏற்கும். கிடைக்கும் 10,000 நோட்டை அங்கேயே ஏதாவது வாங்கி உடைத்துவிடுங்கள். கியோட்டோ பஸ்ஸில் காசுப்பெட்டி மீதி தராது. பக்கத்தில் சில்லறை மாற்றும் வாய் 1,000 யென் நோட்டைத்தான் எடுக்கும். சின்ன ராமென் கடைகளின் பழைய டோக்கன் இயந்திரம் 2024 ஜூலையில் வந்த புது நோட்டைத் துப்பிவிடக்கூடும்.

சூயிகா, முன்கூட்டியே பணம் ஏற்றி ரயிலிலும் பஸ்ஸிலும் கடையிலும் தட்டிக் கட்டும் கார்டு; ஆளுக்கு ஒன்று. இருவர் ஒன்றைப் பகிர முடியாது. ஐபோனிலேயே ஏற்றிக்கொள்ளலாம், நம் ஊர் ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் நடக்காது. டோக்கியோவிலும் ஒசாகாவிலும் ஓடும், ஆனால் ஒரு பகுதியில் தட்டி ஏறி வேறு பகுதியில் தட்டி இறங்க முடியாது. சுற்றுலாப் பயணிகளுக்கான வெல்கம் சூயிகா கார்டு 28 நாள்தான் செல்லும். மீதிப் பணம் திரும்ப வராது. அதனால் 1,000, 2,000 என்று அளவாக ஏற்றுங்கள். கடைசி நாளில் மிஞ்சியதைப் பலசரக்குக் கடையில் முதலில் கார்டில் கழிக்கச் சொல்லி, பாக்கியைச் சில்லறையாகக் கொடுத்துவிடலாம்.