டெர்மினலில் ஓடும் கட்டளை பைத்தானுக்குள் ஓடவில்லை

உப்புவெளியான்:
வணக்கம் அண்ணாமார், அக்காமார். இங்கே திருகோணமலையில் திமிங்கிலம் பார்க்க ஆட்களை ஏற்றிப் போகும் படகுக்காரர் ஒருவரின் வீடியோக்களை இரவில் சுருக்கி வைக்க, உபுண்டுவில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதுகிறேன். வீடியோ சுருக்கும் நிரலான எஃப்எஃப்எம்பெக்கின் கட்டளையை டெர்மினலில் அடித்தால் வடிவாக ஓடுகிறது, அதே வரியை, வெளி நிரல்களை ஓட்டும் பைத்தானின் சப்ப்ராசஸ்.ரன்னுக்குக் கொடுத்தால், ஃபைலைக் காணவில்லை என்று ஃபைல்நாட்ஃபவுண்ட்எரர் வருகிறது, வீடியோவோ அந்த இடத்திலேயே இருக்கிறது. ஷெல் (டெர்மினலில் அடிப்பதை வாசித்து ஓட்டும் நிரல்) வழியாக ஓட்டச் சொல்லும் ஷெல்=ட்ரூ போட்டால் ஓடுகிறது, ஆனால் "நிலாவெளி காலை" என்ற ஃபோல்டரில் உள்ளவை மட்டும் ஓடாது. சிலது தொடங்கிய இடத்திலேயே நின்றுவிடுகிறது.

கொட்டியாரம்:
தம்பி, காணவில்லை என்று அது சொல்வது வீடியோவை அல்ல. ஷெல் இல்லாமல் முழு வரியையும் ஒரே சரமாகக் கொடுத்தால், லினக்ஸில் அந்த வரி முழுவதையும் ஒரு நிரலின் பெயர் என்று எடுத்துத் தேடும். லிஸ்டாகக் கொடுங்கள்: முதலில் எஃப்எஃப்எம்பெக், பிறகு ஒவ்வொரு ஆப்ஷனும் ஃபைல் பெயரும் தனித்தனியாக. அப்போது ஃபோல்டர் பெயரில் இடைவெளி இருந்தாலும் பரவாயில்லை, மேற்கோள் குறியும் வேண்டாம். ஷெல்=ட்ரூவை எடுத்துவிடுங்கள். பயணிகளின் ஃபோனிலிருந்து வரும் ஃபைல் பெயரில் ஓர் அரைப்புள்ளி இருந்தால், அதற்குப் பின்னால் உள்ளதையும் ஷெல் கட்டளையாக ஓட்டப் பார்க்கும், அது விளையாட்டில்லை. ஒன்று மட்டும், நட்சத்திரக் குறியைப் பொருந்தும் ஃபைல் பெயர்களாக விரிப்பது ஷெல்லின் வேலை, லிஸ்டில் அது விரியாது, அதற்குப் பைத்தானின் குளோப் பாவியுங்கள்.

கடற்காகம்:
நின்றுவிடுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்: அதே பெயரில் வெளியீட்டு ஃபைல் ஏற்கெனவே இருந்தால், மேலெழுதவா என்று எஃப்எஃப்எம்பெக் கேட்டுவிட்டு விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருக்கும். மேலெழுதலாம் என்றால் மைனஸ் வை, பழையதை விட்டுவிட மைனஸ் என். நிரல் உள்ளீட்டை வாசிக்கும் எஸ்டிடிஇன்னுக்கு டெவ்நல் (வெறுமையான உள்ளீடு) கொடுப்பதும் நல்லது. அப்புறம், கேப்ச்சர்_அவுட்புட்=ட்ரூ, டெக்ஸ்ட்=ட்ரூ இரண்டையும் போட்டு (பைத்தான் 3.7 முதல் உண்டு) எஸ்டிடிஎரரை (நிரல் பிழைச் செய்திகளை எழுதும் இடம்) அச்சிட்டு வாசியுங்கள். எஃப்எஃப்எம்பெக் சாதாரண விவரங்களையும் அங்கேதான் எழுதும், அதனால் அதில் ஏதாவது இருந்தாலே பிழை என்று நினைக்க வேண்டாம், ரிட்டர்ன்கோட் (நிரல் முடியும்போது தரும் எண்) பூச்சியமா என்று பாருங்கள், பூச்சியம் என்றால் சரியாக முடிந்தது.

உப்புவெளியான்:
லிஸ்ட் கொடுத்ததும் எல்லா ஃபோல்டரும் ஓடிவிட்டது, மிக்க நன்றி! ஆனால் இரவில் தானாக ஓடட்டும் என்று, குறித்த நேரத்தில் நிரல்களை ஓட்டும் க்ரானில் போட்டதும் மறுபடி அதே ஃபைல்நாட்ஃபவுண்ட்எரர்.

கொட்டியாரம்:
இப்போது உண்மையாகவே நிரலைத்தான் காணவில்லை. க்ரானுக்குக் கிடைக்கும் பாத் (நிரல்களைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) உங்கள் டெர்மினலில் இருப்பதைவிட மிகச் சிறியது. எஃப்எஃப்எம்பெக்கை ஸ்னாப் (உபுண்டுவில் நிரல்களை நிறுவும் ஒரு வழி) வழியாகப் போட்டிருந்தால் அது அந்தப் பாத்தில் இராது. டெர்மினலில் விச் எஃப்எஃப்எம்பெக் என்று அடித்து, வருகிற முழுப் பாதையை லிஸ்டின் முதல் இடத்தில் எழுதுங்கள். வீடியோ ஃபோல்டருக்கும் முழுப் பாதை கொடுங்கள், க்ரான் உங்கள் ஹோம் ஃபோல்டரிலிருந்துதான் ஓடும்.