காம் டின் இரும்புக் கதவு: ஜோடியா, ஒட்டா?

சுவர்க்கோழி:
"ஹாங்காங் போனா காம் டின்ல கட் ஹிங் வாய்ங்கிற மதில் ஊரைப் பாருங்க ('வாய்'னா மதில் சூழ்ந்த ஊர்), 500 வருஷக் கதவு அப்படியே நிக்குது"ன்னு பயண இழையில் அள்ளிவிட்ட புண்ணியவானே, ஊரு மிங் வம்சக் காலம், மதில் அதுக்குப் பின்னால வந்த சிங் வம்சத்துப் பேரரசர் காங்ஷி காலம். கதவை 1899ல் பிரிட்டிஷ்காரன் கழட்டிட்டுப் போயிட்டான். அயர்லாந்தில், ஹாங்காங் முன்னாள் கவர்னர் பிளேக் எஸ்டேட்டில் கிடந்து 1925ல்தான் திரும்பி வந்தது. அதிலும் ரெண்டு கதவில் ஒண்ணு பக்கத்து ஊர் டாய் ஹாங் வாயோடது. "அப்படியே"வா?

காவேரிக்கரை:
வந்துட்டாருய்யா கதவு ஆபீசர். போறவனுக்கு வேண்டியதைச் சொல்றேன்: காம் ஷெங் ரோடு ஸ்டேஷன்ல இறங்கு, கால்வாய்ப் பாலம் தாண்டி கால் மணி நேரம் நட, வாசல் பெட்டியில் சில்லறை போடு. கறுப்புத் துணி தொங்கும் தொப்பி போட்ட பாட்டிகளைப் படம் எடுத்தா காசு கேப்பாங்க, மல்லுக்கு நிக்காதே. கதவு கதவுதான்.

சுவர்க்கோழி:
கதவு கதவுதானாம்! இரும்பு வளையத்தைச் சங்கிலியாட்டம் கோத்த வேலை அது. கிட்ட நின்னு ரெண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாரும், ஜோடி சேராது. செல்ஃபி எடுக்கிற அவசரத்தில் இதெல்லாம் எங்கே கண்ணுல படும்.

ரயில்பித்தன்:
நீங்க ரெண்டு பேரும் அந்தக் கதவிலேயே தொங்குங்க. உள்ளே போனா டைல்ஸ் ஒட்டின மூணு மாடி வீடும் ஒடுக்கமான சந்தும்தான். டின் ஷுய் வாய் போங்க. ஸ்டேஷன் பக்கத்திலேயே மூன்றடுக்குப் பகோடா, பின்னாலேயே மீன்குளத்தைத் தூர்த்துக் கட்டின துணை நகரத்து அடுக்குமாடிகள். திங்கள் அங்கே இருக்கிற டாங் குலக் காட்சியகம் லீவு, செவ்வாய் பகோடா லீவு. புதன்கிழமை போங்க.

சுவர்க்கோழி:
பகோடாவுக்கு மதில் ஏது? அந்தப் பகோடா இருக்கிற பிங் ஷான் பாரம்பரியப் பாதையில் மதில் ஊர்னா ஷெங் செங் வாய் ஒண்ணுதான். அதை விட்டுட்டு லீவு நாள் கணக்கு. தவிர, என் கேள்வி கதவு.

காவேரிக்கரை:
பித்தரே, டின் ஷுய் வாய்ல ஓடற லைட் ரயில்ல தடுப்புக் கேட் கிடையாது, பிளாட்பாரத்திலேயே ஆக்டோபஸ் கட்டண அட்டையைத் தட்டணும், இறங்கும்போது தட்ட மறந்தா முழுக் கட்டணமும் போச்சு. இதைச் சொல்லாம ஆளுங்களை அனுப்பறீரே?

ரயில்பித்தன்:
போன மாசம் அதை "ட்ராம்"னு எழுதின ஆள் எனக்குப் பாடம் எடுக்கறார்.

நெல்லைச்சீமை:
ஷா டின்ல இருக்கிற சாங் டாய் உக்ங்கிற கோட்டை வீட்டைப் பத்தி ஏன் யாரும் பேசலை? 1847ல் தொடங்கி 20 வருஷம் கட்டினது. சே குங் கோயில் ஸ்டேஷன்ல இறங்கி நடக்கிற தூரம்தான். சுத்தி நிக்கிற வீடே மதில், நாலு மூலையிலும் காவல் கோபுரம்.

சுவர்க்கோழி:
அது ஹக்காங்கிற சீன இனப்பிரிவைச் சேர்ந்த ஒரு குடும்பத்து வீடு. அதோட கதவை யாராவது அயர்லாந்துக்குத் தூக்கிட்டுப் போனாங்களா? இல்லைல்ல. அப்ப அதை வேற இழையில் பேசும்.

காவேரிக்கரை:
ரெண்டு கதவும் காம் டின் டாங் குலத்து ஊர்களோடதுதானே? அப்ப அது ஜோடிதான்.

சுவர்க்கோழி:
உம்ம இடது கால் செருப்பையும் உம்ம அண்ணன் வலது கால் செருப்பையும் மாட்டிக்கிட்டு நடந்து பாரும்.

ரயில்பித்தன்:
ட்ராம் விஷயத்துக்கு இன்னும் பதில் வரலை.