லஞ்சம் வாங்குறதில்ல, ஆனா வேலையில மனசு ஓட மாட்டேங்குது

தாலுகா பாய்:
அஸ்ஸலாமு அலைக்கும். குரூப் 4 தேறி தாலுகா ஆபீஸ்ல இளநிலை உதவியாளரா இருக்கேன். முதியோர் உதவித்தொகை சீட். காசு தொடுறதில்ல, லுஹர் (மதியத் தொழுகை) தவறுறதில்ல. ஆனா மதியத்துக்கு மேல கை ஓடாது. எட்டு மனு பார்க்கிறவனுக்கும் முப்பது பார்க்கிறவனுக்கும் ஒரே சம்பளம்தானே. "நீ ஓடினா உன் தலையிலதான் இன்னும் நாலு கட்டு வைப்பாங்க"ங்கிறார் பக்கத்து சீட் அண்ணன். இன்னொண்ணு, மாசக் கடைசியில நிலுவையைக் குறைக்க "உரிய ஆவணம் இணைக்கப்படவில்லை"ன்னு மொத்தமா தள்ளுபடி பண்ணச் சொல்றாங்க. தீன் (மார்க்கம்) பக்கம் இருந்து யாராவது சொல்லுங்க.

நிஸ்ரியா:
நிய்யத்தை (எண்ணத்தை) சரி பண்ணுங்க, ரிஸ்க்ல (வாழ்வாதாரத்துல) பரக்கத் (அருள்வளம்) வரும். துஆ (பிரார்த்தனை) செய்றேன்.

ரிட்டயர்டு டி.டி.:
வ அலைக்கும் ஸலாம் தம்பி. நான் துணை தாசில்தாரா இருந்து ரிட்டயர் ஆனவன். துஆ இருக்கட்டும். அமானிதம்னா, அதாவது நம்பி ஒப்படைச்ச பொறுப்புன்னா, மேஜைக்கு அடியில கை நீட்டாததோட முடிஞ்சுதுன்னு நம்மாளுங்க நினைக்கிறோம். ஜகாத் (கட்டாய தர்மம்) வசூலிச்சுட்டு வந்து "இது உங்களுக்கு, இது எனக்கு வந்த அன்பளிப்பு"ன்னு சொன்ன இப்னுல் லுத்பிய்யாவை, "தாய் தகப்பன் வீட்டுல உட்கார்ந்திருந்தா இது வந்திருக்குமா"ன்னு நபி (ஸல்) கேட்ட ஹதீஸ் புகாரி தொகுப்புல இருக்கு. எல்லா பயான்லயும் (மார்க்கச் சொற்பொழிவு) வரும். குர்ஆனோட 83வது சூரா (அத்தியாயம்) முதஃப்பிஃபீனைத்தான் யாரும் ஆபீஸோட சேர்த்துப் பேசறதில்ல. வாங்கும்போது நிறைய அளந்து வாங்கி, கொடுக்கும்போது குறைக்கிறவங்களுக்குக் கேடுன்னு ஆரம்பிக்குது. சம்பளத்துல ஒரு ரூபா குறைஞ்சா டிரெஷரிக்கு ஓடறோம். மத்தியானம் முழுக்க டீக்கடைக்குக் கொடுத்தா அது எந்தத் தராசு?

உங்க தள்ளுபடியும் அதே கணக்குதான். மாசம் 1,200 ரூபாய்க்கு வர்ற பாட்டி அந்த ஒரு வரியால மறுபடி இ-சேவை மையம், மறுபடி விஏஓன்னு அலையணும். நான் சீட்ல இருந்தப்ப "கணவர் இறப்புச் சான்று இல்லை"ன்னு எது இல்லையோ அதோட பேரையே எழுதுவேன். முந்தின நாளே போன்லயும் சொல்லிடுவேன். மேலதிகாரி முறைச்சார், அவ்வளவுதான். மதியம் கை ஓடாதது பிரியாணி மயக்கம். கஷ்டமான கட்டைக் காலையில பிரிங்க.

ஈப்போ மைதீன்:
இங்கே மலேசியாவில் மகாதீர் அரசு 1982ல் 'பெர்சே, செக்காப், அமானா' என்று முழக்கம் வைத்தது. சுத்தம், திறமை, நாணயம். பஞ்ச் கார்டு, பெயர்ப்பட்டை எல்லாம் வந்தன. நிர்வாகத்தில் இஸ்லாமிய விழுமியங்கள் என்ற கொள்கையும் சேர்ந்தது. என் அத்தா அரசாங்கக் கிராணி (குமாஸ்தா). கார்டு ஆளை நேரத்துக்குக் கொண்டுவந்தது, வேலை வாங்கவில்லை என்பார். அதிகாரியே முதலில் வந்து உட்கார்ந்த பிரிவில்தான் கவுன்டர் வரிசை நகர்ந்ததாம்.

செல்வி, வருவாய்த்துறை:
நான் முஸ்லிம் இல்ல பாய், அதே டிபார்ட்மென்ட். கையெழுத்து தாசில்தார் போட்டாலும் குறிப்பு எழுதறது நீங்க. மேல்முறையீடு வந்தா உங்க கையெழுத்துள்ள அந்தக் குறிப்பைத்தான் முதல்ல புரட்டுவாங்க. சார் சொன்ன மாதிரி விவரமா எழுதிட்டா உங்களுக்கும் பாதுகாப்பு.

தாலுகா பாய்:
சார், பாதி மனுல போன் நம்பர்னு இ-சேவை மையத்து நம்பர்தான் இருக்கு. அதுக்கு என்ன செஞ்சீங்க?

ரிட்டயர்டு டி.டி.:
தலையாரியைப் பிடிங்க. அந்தப் பாட்டி எந்தத் திண்ணையில உட்காரும்னு அவருக்குத் தெரியும். மதியம் அவர் தபால் கொண்டு வரும்போது பேர் லிஸ்ட்டைக் கையில கொடுத்துடுங்க.