எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் டிசைன் சாஃப்ட்வேர் ஓட்டியவர்கள் வாங்க, அனுபவத்தைச் சொல்லுங்க

இளம்பிள்ளை, சேலை டிசைனர்

எல்லோருக்கும் வணக்கம். சேலம் பக்கம் எங்கள் ஊரில் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் பலர் இப்போது கம்ப்யூட்டரில் சேலை டிசைன் போடுகிறார்கள். பெரும்பாலும் 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்) உள்ள லேப்டாப்தான். விண்டோஸ், ஃபோட்டோஷாப், கோரல் டிரா, தறியில் நெய்யும் டிசைனுக்கான ஜக்கார்டு சாஃப்ட்வேர் எல்லாம் ஏறியதும் சி டிரைவ் சிவப்பாகிவிடும். அடுத்த கேள்வி, "அண்ணா, எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்ல சாஃப்ட்வேரைப் போட்டு ஓட்டலாமா?" என்பதுதான். சுழலும் டிஸ்க், எஸ்.எஸ்.டி. இரண்டிலும் ஓட்டிப் பார்த்தவன் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கள், யாராவது ஒருவருக்குக் காசு மிச்சமாகட்டும்.

ஜக்கார்டு டிசைன் மட்டும் போடுபவர்கள் கவலைப்படவே வேண்டாம். அதில் ஒரு புள்ளி என்பது ஒரு பாவு நூலும் ஒரு ஊடை நூலும் சேரும் இடம். முந்தி, பார்டர், உடம்பு எல்லாம் சேர்ந்தாலும் ஃபைல் சின்னதுதான். எந்த டிஸ்க்கில் வைத்தாலும் ஓடும்.

டிஜிட்டல் பிரிண்ட் சேலை அப்படி இல்லை. ஐந்தரை மீட்டர் நீளம், 1.15 மீட்டர் அகலம், 150 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 150 புள்ளி) என்று வையுங்கள். நீளம் ஏறக்குறைய 32,500 பிக்சல், அகலம் 6,800 பிக்சல். மொத்தம் 22 கோடி பிக்சல். சி.எம்.ஒய்.கே. என்ற நாலு மை நிற முறையில் பிக்சலுக்கு 4 பைட். முழுதாக நிரம்பிய ஒரு லேயரே 880 எம்.பி. பிடிக்கும். ஃபோட்டோஷாப்பின் வழக்கமான பி.எஸ்.டி. ஃபைல் நீளத்திலும் அகலத்திலும் 30,000 பிக்சல் வரைதான் ஏற்கும், அளவும் 2 ஜி.பி.க்குள் இருக்க வேண்டும். அதனால் முழுச் சேலையை பி.எஸ்.பி. என்ற பெரிய ஃபைல் வகையில் சேவ் செய்கிறேன். மாங்காய்க்கு ஒரு லேயர், கொடிக்கு ஒரு லேயர், நிழலுக்கு ஒன்று என்று அடுக்கி, நாலு தடவை அன்டூ போட்டால் 16 ஜி.பி. ரேம் எங்கே போனது என்றே தெரியாது. மிச்சத்தை ஃபோட்டோஷாப் டிஸ்க்கில் எழுதும். அந்த இடத்துக்குத்தான் ஸ்க்ராட்ச் டிஸ்க் என்று பெயர். உங்கள் டிஸ்க்கின் உண்மையான தரம் அங்கேதான் வெளிப்படும்.

சுழலும் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கை ஸ்க்ராட்ச்சாகக் கொடுத்து வேலை செய்தபோது பார்த்தது இது. பார்டரில் ஒரு பூவை நகர்த்தினால் வட்டம் சுற்ற ஆரம்பித்துவிடும். டிஸ்க்கின் சின்ன விளக்கு விடாமல் மினுக்கும், உள்ளே கரகரவென்று சத்தம் கேட்கும். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் டிஸ்க் 100 சதவீதம் என்று காட்டும், ஆனால் வேகத்தின் இடத்தில் 1 எம்.பி., 2 எம்.பி. என்றுதான் இருக்கும். டிஸ்க் கெட்டுப்போகவில்லை. அது வேலை செய்யும் விதமே அப்படித்தான். 5,400 ஆர்.பி.எம். டிஸ்க் ஒரு சுற்றுச் சுற்ற 11 மில்லி நொடி. ஒவ்வொரு துண்டுக்கும் ஊசி நகர்ந்து, சரியான இடம் சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு பெரிய வீடியோவை காப்பி செய்தால் அதே டிஸ்க் நொடிக்கு 100 எம்.பி.க்கு மேல் தரும். சிதறிக் கிடக்கும் சின்னத் துண்டுகளை எடுக்கச் சொன்னால் நொடிக்கு 1 எம்.பி.கூடத் தேறாமல் போகலாம். சாஃப்ட்வேர் திறப்பது என்பதே ஃபான்ட், பிளக்-இன், பிரஷ் என்று சின்னத் துண்டுகளை ஆயிரக்கணக்கில் படிப்பதுதான். டப்பாவின் மேல் அச்சிட்ட வேகத்தைப் பார்த்து வாங்குகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

பிறகு என்.வி.எம்.இ. என்ற வேகமான வகை எஸ்.எஸ்.டி. ஒன்றும், அதை உள்ளே போட்டுச் செருக யு.எஸ்.பி. கேஸும் வாங்கினேன். 10 ஜி.பி.பி.எஸ். போர்ட்டில் செருகினால் நொடிக்கு 1,000 எம்.பி.யை ஒட்டி வருகிறது, 5 ஜி.பி.பி.எஸ். போர்ட்டில் 400 சொச்சம். பூவை நகர்த்தினால் கையோடு வருகிறது. சாஃப்ட்வேரை மட்டும் நான் வெளியே கொண்டு போகவில்லை. அது சி டிரைவிலேயே இருக்கிறது. ஸ்க்ராட்ச், சேலை ஃபைல்கள், டெக்ஸ்சர், பழைய ஆர்டர் எல்லாம் வெளியே. ஃபோட்டோஷாப்பில் பிரிஃபரன்ஸ் போய் ஸ்க்ராட்ச் டிஸ்க் பகுதியில் மாற்றிக்கொள்ளலாம். இடம் இல்லாமல் திறக்கவே மறுத்தால், கண்ட்ரோலும் ஆல்ட்டும் அழுத்திக்கொண்டு திறங்கள், அந்தத் தேர்வு முதலிலேயே வரும்.

என் கருத்து இதுதான்: வேலை வெளியே இருக்கட்டும், சாஃப்ட்வேர் உள்ளே இருக்கட்டும்.

செவ்வாய்ப்பேட்டை, கொலுசு கேட் (CAD, கம்ப்யூட்டரில் வரையும்) டிசைனர்

அண்ணா சொன்னது நூத்துக்கு நூறு சரிங்க. நம்ம பக்கம் வேற ஒரு ஆசை இருக்குது. பட்டறையில ஒரு சிஸ்டம், வீட்ல ஒரு சிஸ்டம். 3டி சாஃப்ட்வேரை டிஸ்க்குல போட்டுக்கிட்டா எங்க வேணா செருகி வேலை பாக்கலாம்னு எங்க முதலாளி ஆசைப்பட்டாரு. டி டிரைவ், இ டிரைவ்னு இடம் காட்டி இன்ஸ்டால் பண்ணாலும் பாதிதான் அங்க போகுது. ரிஜிஸ்ட்ரின்னு விண்டோஸ் வெச்சிருக்கற பதிவு, லைசென்ஸ், செட்டிங்ஸ், கூட வர்ற சின்னச் சின்ன சிஸ்டம் ஃபைலு எல்லாம் அந்த கம்ப்யூட்டரோட சி டிரைவ்லயே தங்கிடும். டிஸ்க்கைக் கழட்டி வீட்டு சிஸ்டத்துல செருகினா ஃபோல்டர் தெரியும், ஐகானும் தெரியும், அழுத்தினா எர்ரர்தான் வரும். முதலாளிகிட்ட இதைச் செஞ்சே காட்டினேன், ஒத்துக்கிட்டாரு.

இன்ஸ்டால் பண்ணாமலே ஓடுற சாஃப்ட்வேர் மட்டும் இதுக்குத் தோது. பிளெண்டர் ஜிப் ஃபைலா கிடைக்குது. பிரிச்சு டிஸ்க்குல வெச்சுக்கிட்டா ரெண்டு சிஸ்டத்துலயும் ஓடுது. இங்க்ஸ்கேப், க்ரிட்டா ரெண்டுக்கும் அந்த மாதிரி வகை உண்டு. எல்லாமே இலவசம்.

டிரைவ் லெட்டர் விஷயத்தை யாரும் எழுதலைங்களே. இன்னிக்கு இ-ன்னு வர்ற டிஸ்க், நாளைக்கு பென் டிரைவ் முன்னாடி செருகியிருந்தா எஃப்-னு வரும். அவ்ளோதான், மெட்டீரியல் லைப்ரரி எங்கேன்னு சாஃப்ட்வேர் கேக்க ஆரம்பிச்சிடும். டிஸ்க் மேனேஜ்மென்ட்ல போயி கடைசிப் பக்கத்து எழுத்து ஒண்ணு, எக்ஸ் இல்லன்னா ஒய், நிரந்தரமா கொடுத்திருங்க. ரெண்டு சிஸ்டத்துலயும் ஒரே எழுத்து கொடுக்கணும்.

கொலுசு டிசைனுக்கு இன்னொண்ணு. ஒரு கொலுசுல ஒரே கண்ணி, ஒரே சலங்கை திரும்பத் திரும்ப வருது. அதை காப்பி காப்பியா வைக்காம பிளாக்கா, அதாவது ஒரு தடவை மட்டும் வரைஞ்சு மத்த இடத்துல அதையே காட்டச் சொல்லி வெச்சா ஃபைலு பல மடங்கு சின்னதாகும். புது டிஸ்க் வாங்கறதுக்கு முன்னாடி இதைப் பண்ணிப் பாருங்க.

ஏற்காடு, வீட்டு பிளான் மற்றும் 3டி வேலை

இங்கே கூடுதலாக இரண்டு பிரச்சினைகள், கரண்டும் ஈரமும். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே வந்துவிட்டால், மழைக்காலத்தில் மரக்கிளை ஒன்று முறிந்தாலே கரண்ட் போய்விடும். லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கிறது. தனி அடாப்டரில் ஓடும் பெரிய 3.5 இஞ்ச் டிஸ்க்குக்கு அது கிடையாது. திறந்திருக்கும் ஃபைல் நட்டாற்றில் நிற்கும். அதனால் யு.எஸ்.பி.யிலேயே கரண்ட் எடுத்துக்கொள்ளும் சின்ன எஸ்.எஸ்.டி.க்கு மாறினேன். அதை என்.டி.எஃப்.எஸ். ஆக ஃபார்மட் செய்து வைத்திருக்கிறேன். எக்ஸ்ஃபேட் வகையில் ஜர்னல், அதாவது மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவு, கிடையாது. எழுதும்போது தொடர்பு அறுந்தால் ஃபோல்டரே படிக்க முடியாமல் போகும் அபாயம் அதில் அதிகம். மேக், விண்டோஸ் இரண்டிலும் எழுத வேண்டியவர்கள் மட்டும் எக்ஸ்ஃபேட் வையுங்கள், நகல் ஒன்று வேறு இடத்தில் இருக்கட்டும்.

பஸ்ஸில் ஏறும்போது லேப்டாப்பை மடியில் வைத்து, சுழலும் ஹார்ட் டிஸ்க்கைச் செருகி வேலை பார்க்கிறவர்களைக் கண்டால் எனக்கு மனசு அடித்துக்கொள்ளும். ஓடும் டிஸ்க்கில் தட்டுக்கும் ஊசிக்கும் நடுவே இருக்கும் இடைவெளி நானோமீட்டர் கணக்கு. தயவுசெய்து வேண்டாம்.

ரெண்டரிங், அதாவது 3டி மாடலிலிருந்து படம் உருவாக்குவது பற்றி ஒரு வார்த்தை. டிஸ்க் மாற்றினால் ரெண்டர் வேகமாகும் என்று பலர் நினைக்கிறார்கள். சீன் திறப்பதும் டெக்ஸ்சர் ஏறுவதும்தான் வேகமாகும். படம் உருவாகும் நேரத்தைத் தீர்மானிப்பது கிராஃபிக்ஸ் கார்டும் பிராசஸரும். அதற்காக எஸ்.எஸ்.டி.யில் காசு போடாதீர்கள்.

அம்மாபேட்டை, காலேஜ் மாணவி

அண்ணா, அக்கா எல்லாருக்கும் வணக்கம். என் லேப்டாப் பழசு. 8 ஜி.பி. ரேம், உள்ளேயே 1 டி.பி. சுழலும் ஹார்ட் டிஸ்க். இல்லஸ்ட்ரேட்டர் திறக்கறதுக்குள்ள அம்மா காபியே போட்டுக் கொடுத்துடறாங்க. எக்ஸ்டர்னல் எஸ்.எஸ்.டி. வாங்கி அதுல சாஃப்ட்வேர் போட்டா சரியாகுமா? வீட்ல ஒரு தடவைதான் காசு கேக்க முடியும்.

ஐந்து ரோடு, கம்ப்யூட்டர் சர்வீஸ்

வேண்டாம்மா, கேளு. அதே காசுல 2.5 இஞ்ச் சாட்டா எஸ்.எஸ்.டி. வாங்கி, லேப்டாப்புக்கு உள்ள இருக்கற ஹார்ட் டிஸ்க்கை எடுத்துட்டு அந்த இடத்துல போடு. நொடிக்கு 500 எம்.பி.க்குக் கிட்ட வரும். சாஃப்ட்வேர் மட்டுமில்ல, விண்டோஸே வேகமாகும். எக்ஸ்டர்னல்ல சாஃப்ட்வேர் வெச்சா விண்டோஸ் அந்தப் பழைய டிஸ்க்குலதானே கெடக்கும், அது உன்னை இழுத்துக்கிட்டேதான் இருக்கும். கழட்டின டிஸ்க்கைத் தூக்கிப் போட்டுடாத. ஒரு யு.எஸ்.பி. கேஸ் வாங்கி அதுல போட்டு பேக்கப்புக்கு வெச்சுக்கோ.

வாங்கறதுக்கு முன்னாடி டாஸ்க் மேனேஜர்ல மெமரியையும் பாரு. வேலை செய்யும்போது எப்பவுமே 90 சதவீதத்துக்கு மேல நின்னா ரேமையும் 16 ஆக்கணும். ஸ்லாட் காலியா இருக்கான்னு திறந்து பாத்துச் சொல்றவங்ககிட்ட போ.

கடைக்கு வர்றதுல பாதி பிரச்சினை கேபிளும் போர்ட்டும்தான். டெஸ்க்டாப்ல முன்பக்க போர்ட் பல கேபினெட்ல யு.எஸ்.பி. 2.0. அதுல எவ்ளோ நல்ல எஸ்.எஸ்.டி.யைச் செருகினாலும் 30, 40 எம்.பி. தாண்டாது. டைப்-சி வடிவத்துல இருந்தா வேகமா இருக்கும்னும் நம்பாதீங்க. போன் சார்ஜர் கூட வர்ற டைப்-சி கேபிள் நிறைய யு.எஸ்.பி. 2.0 வேகம்தான். எஸ்.எஸ்.டி. கூட வந்த கேபிளையே பயன்படுத்துங்க.

டிஸ்க் நடுவுல தூங்கிப் போயி சாஃப்ட்வேர் உறைஞ்சு நின்னா, பவர் ஆப்ஷன்ல யு.எஸ்.பி. செலக்டிவ் சஸ்பெண்டை நிறுத்திப் பாருங்க. எங்கிட்ட வந்ததுல பல பேருக்கு அதுலயே சரியாயிடுச்சு.

இளம்பிள்ளை, சேலை டிசைனர்

தங்கச்சி, சர்வீஸ் அண்ணா சொன்னதையே செய்ம்மா. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

கேபிள் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்க்ராட்ச் வெளியே இருக்கும்போது கேபிள் லேசாக அசைந்து தொடர்பு விட்டாலே போதும், ஃபோட்டோஷாப் அங்கேயே நின்றுவிடும், சேவ் செய்யாதது போய்விடும். கேஸை லேப்டாப் மூடியின் பின்பக்கம் வெல்க்ரோவில் ஒட்டி, குட்டைக் கேபிள் போட்டிருக்கிறேன். மேஜையில் தொங்கவிடுவதே இல்லை. பெரிய ஃபைல் எழுதும்போது கேஸ் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகும், சூடு ஏறினால் வேகத்தைத் தானாகக் குறைத்துக்கொள்ளும். அலுமினியக் கேஸ் வாங்குங்கள். சேலம் வெயிலுக்கு பிளாஸ்டிக் கேஸ் தாங்காது.

விண்டோஸ் 10-இல் 2018 அக்டோபர் அப்டேட்டிலிருந்து, வெளி டிஸ்க்குகளுக்கு 'குயிக் ரிமூவல்' என்ற செட்டிங்தான் வழக்கமாக வரும். அதை 'பெட்டர் பெர்ஃபார்மன்ஸ்' என்று மாற்றினால் எழுதும் வேகம் கூடலாம். மாற்றியவர்கள் இஜெக்ட் கொடுக்காமல் ஒருபோதும் பிடுங்கக் கூடாது.

ஜக்கார்டு சாஃப்ட்வேருக்கு டாங்கிள் (லைசென்ஸுக்காகச் செருகும் யு.எஸ்.பி. சாவி) வைத்திருப்பவர்கள் அதையும் எஸ்.எஸ்.டி.யையும் ஒரே மலிவான ஹப்பில் செருகாதீர்கள். கரண்ட் போதாமல் இரண்டில் ஒன்று விட்டுவிட்டு வரும். டாங்கிளை யு.எஸ்.பி. 2.0 போர்ட்டில் போட்டுவிட்டு, வேகமான போர்ட்டை டிஸ்க்குக்கு விடுங்கள்.

தாரமங்கலம், கொண்டலாம்பட்டி பக்கம் மேக்கில் டிசைன் போடுகிறவர்கள் இருந்தால் எழுதுங்கள். தண்டர்போல்ட் என்ற வேகமான இணைப்பு உள்ள கேஸில் முழுச் சேலை பி.எஸ்.பி. சேவ் ஆக எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அடுத்த சீசனுக்குள் ஒன்று வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.