ஒரே பெயரில் ஐந்து பேர், எப்படிப் பிரித்து எழுதுவது?

வணக்கம். எங்கள் ஊர் நூலகத்துக்காகத் தமிழில் ஒரு பெயரடைவு தயாரிக்கிறேன். மூன்று வாரமாக 'மைக்கேல் காலின்ஸ்' என்ற பெயரைத் தாண்ட முடியவில்லை.

அயர்லாந்து விடுதலைத் தலைவர் (1890–1922). அப்பல்லோ 11-இல் போய், மற்ற இருவரும் நிலவில் இறங்கியபோது தனியாக அதைச் சுற்றிவந்த அமெரிக்கர் (1930–2021); எனக்கு மிகப் பிடித்தவர். 2016 முதல் அயர்லாந்து நாடாளுமன்றத்தில் இருப்பவர். லிமெரிக்கில் 1964-இல் பிறந்த நாவலாசிரியர். இதையே புனைபெயராக்கித் துப்பறியும் கதை எழுதிய அமெரிக்கர் டென்னிஸ் லிண்ட்ஸ்.

தொழிலைச் சேர்த்துப் பார்த்தேன். 'எழுத்தாளர்' இருவர், விண்வெளி வீரரும் நூல் எழுதியிருக்கிறார். 'அரசியல்வாதி' என்றாலும் இருவர், விடுதலைத் தலைவர் நிதியமைச்சராகவும் இருந்தவர் ஆயிற்றே. ஊரைச் சேர்த்தால் அந்த இருவருமே கார்க் பகுதிக்காரர்கள். பிறந்த ஆண்டு பிரித்துவிடுகிறது, ஆனால் தேடி வரும் பள்ளிப் பிள்ளைக்கு அந்த ஆண்டு தெரிந்திருக்காது. 'காலின்ஸ்', 'கொலின்ஸ்' என எழுத்துக்கூட்டலை மாற்றிப் பார்த்ததில் குழப்பம்தான் கூடியது.

அடைவு வேலை செய்து பழகியவர்களிடம் கேட்கிறேன்: பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரே ஒரு குறிப்பு மட்டும் போட இடமிருந்தால், இந்த ஐவருக்கும் என்ன போடுவீர்கள்?