தெருவுக்கு பேவர் பிளாக் போடுகிறோம், பொருளை நாமே வாங்கினால் செலவு குறையுமா?

கிழக்குவீதி எழுதியது:
வணக்கம். எங்கள் ஊர் கிணத்துக்கடவு பக்கம். தெரு 200 அடி நீளம், 12 அடி அகலம், இன்னும் மண் ரோடுதான். மழை பெய்தால் பள்ளிப் பிள்ளைகள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கிறார்கள். ஊராட்சியில் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய், மக்கள் ஒரு பங்கும் அரசு மீதியும் போடும் நமக்கு நாமே திட்டத்தில் போகலாம் என்று தெருக்காரர்கள் முடிவு செய்திருக்கிறோம். மூன்றில் ஒரு பங்கு நாம் போட்டாலே போதும் என்றாலும், பாதிப் பணம் போட்டால் வேலையை நாமே எடுத்துச் செய்யலாம் என்பதால் பாதிக்குத் துணிந்துவிட்டோம். இப்போது கையில் இரண்டு கொட்டேஷன் இருக்கிறது. இரண்டிலும் 'சதுர அடிக்கு இவ்வளவு, எல்லாம் சேர்த்து' என்று ஒரே வரி. ஒருவருக்கும் இன்னொருவருக்கும் கால்வாசி வித்தியாசம். விலை குறைந்தவருக்கே கொடுத்துவிடலாம் என்கிறார்கள் பாதிப் பேர், எம்-சாண்ட், ஜல்லி, கல் எல்லாவற்றையும் நாமே இறக்கிக் கூலியை மட்டும் தனியாகக் கொடுத்தால் இன்னும் குறையும் என்கிறார்கள் மீதிப் பேர். கூலி வேலைக்குப் போகிறவர்களும் பணம் போட்டிருக்கிறார்கள், ஒரு ரூபாயும் வீணாகக் கூடாது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சைட்மேஸ்திரி எழுதியது:
அண்ணா, அந்த இரண்டு கொட்டேஷனையும் ஒப்பிடவே முடியாது. கல் 60 மி.மீ.யா 80 மி.மீ.யா, என்ன கிரேடு (வலிமைத் தரம், எம்-35, எம்-40 என்பது போல), அடியில் எத்தனை அங்குலம் கிராவல் (சரளை மண்), ஓரத்தில் கர்ப் கல் (கல் நகராமல் பிடிக்கும் விளிம்புக் கல்) உண்டா, வரி சேர்த்தா சேர்க்காமலா என்று எதுவும் எழுதாமல் வரும் விலை ஒரு விலையே இல்லை. கால்வாசி வித்தியாசம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அடித்தளத்தில்தான் இருக்கும். மேலே கல் போட்டு மூடிவிட்டால் அடியில் ஆறு அங்குலமா இரண்டு அங்குலமா என்று யார் தோண்டிப் பார்க்கப் போகிறார்கள்? உங்கள் பக்கம் பல இடங்களில் கரிசல் மண். அது மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும். அதன்மேல் அடித்தளத்தைக் குறைத்தால் இரண்டாவது மழைக்காலத்தில் ரோடு அலை அலையாக நிற்கும்.

கணக்கை நீங்களே போடுங்கள், கஷ்டமே இல்லை. 200 பெருக்கல் 12, மொத்தம் 2,400 சதுர அடி. ஆறு அங்குல அடித்தளம் என்றால் 1,200 கன அடி, அதாவது 12 யூனிட். அது ரோலர் ஓட்டி இறுகிய பிறகு உள்ள அளவு என்பதால் 15, 16 யூனிட் இறங்க வேண்டியிருக்கும். கல்லுக்கு அடியில் விரிக்கும் மணல் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம், அதற்கு 3 யூனிட், உதிரியாக 4 வரை. பள்ளத்தை மணல் கொட்டி நிரவுகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், அடித்தளத்திலேயே மட்டம் வர வேண்டும். குப்பை வண்டி, தண்ணீர் லாரி, செப்டிக் டேங்க் லாரி வரும் தெருவுக்கு 80 மி.மீ., எம்-40 கல் கேளுங்கள். பேவர் கல்லுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 15658-இல் நடுத்தரப் போக்குவரத்துக்கு அதுதான். 60 மி.மீ. எம்-35 பைக்கும் காரும் போகிற இடத்துக்குச் சரி.

பாலாறுவாசி எழுதியது:
நாங்கள் பொருளை நாமே வாங்கித்தான் செய்தோம். லாபமா என்றால் லாபம்தான், ஆனால் லாரியைப் பார்த்து வாங்க ஆள் வேண்டும். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் டேப்போடு நிற்பார். டிப்பருக்குள் நீளம், அகலம் அளந்துவிட்டு, உயரத்தை மட்டும் நான்கு மூலையிலும் நடுவிலும் கம்பி குத்திப் பார்த்து சராசரி எடுப்பார். குவித்துக் கொண்டுவந்தால் நிரவச் சொல்லிவிட்டுத்தான் அளப்பார். முதல் லோடில் டிரைவர் முகம் சுளித்தார், அப்புறம் தானாகவே நிரவிக்கொண்டு வந்தார்.

இன்னொன்று ஈரம். மணலை யூனிட் கணக்கில் வாங்கினால் ஈர மணல் உப்பி நிற்கும், டன் கணக்கில் வாங்கினால் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுப்பீர்கள். ஒரு கண்ணாடி ஜாடியில் முக்கால் அளவுக்கு மணலைப் போட்டு மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அதைத் தட்டில் கொட்டிவிட்டு ஜாடியில் பாதி தண்ணீர் ஊற்றி மணலைத் திரும்பப் போட்டுக் குச்சியால் குத்திவிடுங்கள். மட்டம் எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு உப்பல். ஐந்தில் ஒரு பங்குகூட இறங்கும். அந்த ஜாடியை கிரஷர்காரரிடம் காட்டித்தான் நாங்கள் விலை பேசினோம்.

சைட்மேஸ்திரி எழுதியது:
ஜாடி விஷயம் நல்லது. ஆனால் எல்லாவற்றையும் நீங்களே வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. கல்லும் பதிக்கும் வேலையும் ஒரே ஆளிடம் இருக்கட்டும். பிரித்துக் கொடுத்தால் நாளைக்குக் கல் உடையும்போது பதித்தவர் கல் சரியில்லை என்பார், கல் கொடுத்தவர் பதித்தது சரியில்லை என்பார், நடுவில் நீங்கள் நிற்பீர்கள். கிராவல், ஜல்லி, மணல் மட்டும் நீங்கள் இறக்குங்கள். கிணத்துக்கடவு பக்கமே கிரஷர் இருக்கிறது, லாரி வாடகை குறையும், ஏமாற்றும் இடமும் அடித்தளம்தான். பில்லும் நடைச்சீட்டும் (ஜல்லி, மணல் ஏற்றிவரும் லாரிக்கான அனுமதிச் சீட்டு) கேட்டு வாங்குங்கள். 2025 ஏப்ரலில் கிரஷர் ஸ்டிரைக் நடந்ததே, அப்படி நடந்தால் வேலை பாதியில் நிற்கும், அதனால் பள்ளம் தோண்டும் முன்பே பொருள் இறங்கிவிட வேண்டும்.

கல் வாங்கும்போதும் தூரம் பாருங்கள். 80 மி.மீ. கல் சதுர அடிக்கு ஏறக்குறைய 17 கிலோ, உங்கள் தெருவுக்கு மட்டும் 40 டன் வரும். தூரத்து ஊரில் கல்லுக்கு இரண்டு ரூபாய் குறைவு என்று போனால் அது லாரி வாடகையிலேயே போய்விடும். வந்த கல்லில் எட்டை எடுத்துப் பக்கத்துப் பொறியியல் கல்லூரி லேபில் கொடுங்கள். அழுத்த வலிமையும் நீர் உறிஞ்சலும் பார்க்கச் சொல்லுங்கள், உறிஞ்சல் சராசரி 6 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. டெஸ்ட் முடிவு வந்த பிறகுதான் கல்லுக்கான பணம் என்று முதலிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

மேட்டுவாசல் எழுதியது:
செலவைப் பற்றி மட்டும் பேசுகிறீர்கள், மட்டத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. எங்கள் தெருவில் ரோட்டுமேல் ரோடு போட்டு வாசற்படி எல்லாம் மண்ணுக்குள் போய்விட்டது, மழைத் தண்ணீர் நேராக வீட்டுக்குள். 2021 மே மாதம், அப்போது தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, பழைய ரோட்டைச் சுரண்டிவிட்டு அதே மட்டத்தில்தான் புதிது போட வேண்டும் என்று உத்தரவு போட்டார். தார் ரோட்டுக்குச் சொன்னது உங்கள் மண் தெருவுக்கும் பொருந்தும். கிராவல் ஆறு அங்குலம், மணல், கல் எல்லாம் சேர்த்தால் பத்து அங்குலத்துக்கு மேல் வரும். அந்த அளவுக்கு மண்ணை வெட்டி எடுக்கும் கூலியும், அதைக் கொண்டுபோய்க் கொட்டும் செலவும் எஸ்டிமேட்டில் இருக்கிறதா பாருங்கள். இல்லை என்றால் ரோடு வீட்டைவிட மேலே வரும்.

கிழக்குவீதி எழுதியது:
மண் வெட்டும் செலவு இரண்டு கொட்டேஷனிலும் இல்லை! இன்றைக்கே போன் பண்ணிக் கேட்டுவிட்டேன், ஒருவர் 'அப்படியே மேலே போட்டுவிடலாம்' என்கிறார். அவர் வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. இன்னொரு சந்தேகம், தெருவில் பாதி வீட்டுக்கு இன்னும் குடிநீர் இணைப்பு வரவில்லை. என்ன செய்வது?

சைட்மேஸ்திரி எழுதியது:
பைப் முதலில், ரோடு பிறகு. ஊராட்சியில் உடனே இணைப்பு கொடுக்க மாட்டோம் என்றாலும், இணைப்பு இல்லாத வீடுகளுக்கு நேராக ரோட்டின் குறுக்கே நாலு அங்குல பி.வி.சி. பைப்பை வெறுமனே புதைத்து இரண்டு முனையையும் மூடி வையுங்கள், பின்னால் குழாயை அதற்குள் நுழைத்துக்கொள்ளலாம். செலவு கொஞ்சம்தான். எந்த வீட்டுக்கு நேரே எத்தனை அடியில் இருக்கிறது என்று ஒரு தாளில் வரைந்து ஓவர்சியரிடம் ஒரு காப்பி, உங்களிடம் ஒரு காப்பி. அவர் எம்-புக்கில் (வேலை அளவைப் பதியும் புத்தகம்) அளவு எழுத வரும்போது கிராவல் மட்டத்திலேயே ஒரு முறை வரச் சொல்லுங்கள், கல் பதித்த பிறகு மட்டும் வந்தால் போதாது. நீங்களும் டேப்போடு கூட நில்லுங்கள்.