அந்த 0.05 மி.மீ. எதன் கணக்கு?

கும்பகோணத்தான்: ரோபோ கையால் தகட்டை அழுத்தி வடிவம் எடுக்க இனி டை, அதாவது அச்சு, வேண்டாம். ரோபோவுக்குப் புள்ளிகளைக் கற்றுக்கொடுக்கும் கைக்கருவி, அந்த டீச் பெண்டன்ட்டைப் பிடித்து நிற்கவும் வேண்டாம். கணினி சிமுலேஷனில் நிரல் எழுதி ரோபோவில் இறக்கினால் 0.05 மி.மீ. சுத்தமாக வரும். இன்னும் புள்ளி புள்ளியாகக் கற்றுக்கொடுப்பவர்கள் மாட்டுவண்டி கேஸ்.

துவாக்குடி ஃபிட்டர்: மாட்டுவண்டிக்காரன் வந்துவிட்டேன். அந்த 0.05 ரிப்பீட்டபிலிட்டி, ஐயா! ஒரே புள்ளிக்குத் திரும்பத் திரும்ப வரும்போது எவ்வளவு விலகும் என்பது. தப்பான இடத்துக்கே தவறாமல் வந்தாலும் 0.05தான். சிமுலேஷன் சொன்ன இடத்துக்குப் போய்ச் சேருவது வேறு கதை. காலிபரேஷன் (அளந்து பிழை திருத்துவது) செய்யாத கை ஒரு மி.மீ. தள்ளிப் போவது சாதாரணம்.

கும்பகோணத்தான்: கேட்டலாக்கில் 0.05 என்றுதான் இருக்கிறது. செய்தவனைவிட உங்களுக்கு அதிகம் தெரியுமோ?

பாபநாசம் மெக்கானிகல்: கை சரியாகவே போகட்டும் அண்ணே, தகடு சும்மா இருக்குமா? விட்டதும் மீளும். யீல்டு பலமும் (நிரந்தரமாக வளையத் தொடங்கும் அளவு) தடிமனும் ஒன்றாக இருந்தால் அலுமினியம் எஃகைவிடச் சுமார் மூன்று மடங்கு மீளும். எஃகின் மீள்குணகம், அதாவது விறைப்பின் அளவு, 200 கிகாபாஸ்கல், அலுமினியத்துக்கு 70தான்.

துவாக்குடி ஃபிட்டர்: தம்பி சொல்வது சரி. ஆனால் என் கேள்வி 0.05. ஆறு மூட்டு உள்ள கை, அழுத்தும்போது தானே வளைந்து கொடுக்கும். பாதை காட்டும் சிமுலேஷனுக்கு அந்த விசை தெரியாது. கை எட்டுமா, எங்காவது முட்டுமா, அவ்வளவுதான் பார்க்கும். உலோகம் நெளிவதைக் கணக்குப் போட எஃப்.ஈ.எம். (பொருளைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் கணினி முறை) தனியாக ஓட்ட வேண்டும். ஓட்டிவிட்டுக் காபி குடித்து வரலாம், அப்புறம் சாப்பாடும் முடித்து வரலாம்.

திருவையாறு: தஞ்சாவூர்த் தட்டில் வெள்ளித் தகட்டை அடித்து உருவம் எடுக்கிறார்களே, சிமுலேஷனா பார்த்தார்கள்? நாச்சியார்கோவில் குத்துவிளக்குக்கும்தான் எந்த ரோபோ?

பாபநாசம் மெக்கானிகல்: தட்டுக்கு அச்சு உண்டு. விளக்கு வார்ப்பு வேலை. இரண்டுக்கும் இங்கே என்ன சம்பந்தம்?

கும்பகோணத்தான்: விடுங்கள். துவாக்குடி டெல்டாவே இல்லை, அங்கிருந்து பாடம்!

துவாக்குடி ஃபிட்டர்: டெல்டாவின் தலைவாசல் கல்லணை. அது எங்களுக்குப் பக்கமா, உங்களுக்கா? போன ஆடியில் உங்கள் பட்டறை வாசலில் கிடந்த ஸ்கிராப்பையும் பார்த்தவன் நான். அதுவும் 0.05தானா?

கும்பகோணத்தான்: அது தகடு சரியில்லை. கேட்டலாக்கைப் பாருங்கள், 0.05.

துவாக்குடி ஃபிட்டர்: எதன் 0.05?